அட்ஜஸ்டபிள் ரேசரின் எண் எதை மாற்றுகிறது, அதை ஓசூர் பட்டறையில் செய்ய முடியுமா?

காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர், டிப்ளமோ முடித்து ஓசூரில் சி.என்.சி. கடையில் (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில் உலோகம் வெட்டும் பட்டறை) வேலை பார்ப்பவர், கேட்டிருக்கிறார்: அட்ஜஸ்டபிள் சேஃப்டி ரேசரில் (ஷேவின் கடுமையைக் கூட்டிக் குறைக்கிற, பிளேடு மாட்டும் ரேசர்) 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதைத் திருப்பினால் பிளேடின் கோணம் மாறுகிறதா? எண்ணைக் கூட்டினால் ஏன் முகம் எரிகிறது? அதே போல ஒன்றை எங்கள் கடையிலேயே செய்து விற்க முடியுமா? பார்க்க மூன்று கேள்வி. ஆனால் வரைபடம் போட உட்காரும் ஆளாகத்தான் தம்பி கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சின்னத் தலைக்குள் எந்த அளவு ரேசரின் குணத்தைத் தீர்மானிக்கிறது, எதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் அவருக்கு வேண்டும். அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

நான் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் டூல் ரூமில் பல வருடமாக டை (அச்சு), ஃபிக்ஸர் (ஜாப்பை அசையாமல் பிடிக்கும் தாங்கி) வேலை பார்க்கிறவன். கையில் கிடைக்கும் ரேசர்களைக் கழற்றி அளந்து பார்ப்பதும் ரொம்ப நாள் பழக்கம். உலோகம், அளவு, திரெட் (மரை) பற்றி இங்கே சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் அளந்து சரிபார்க்கலாம். தோல் விஷயத்தில் அந்த உறுதி கிடையாது. தோல் இரும்பு மாதிரி ஓர் இடத்தில் நிற்காது, ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளின் கன்னத்துக்கும் கழுத்துக்கும் வேறு. எந்த இடத்தில் கணக்கு முடிந்து அனுபவம் தொடங்குகிறது என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

ரேசர் தலையைக் குறுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று புள்ளிதான் கணக்கு: மேல்மூடியின் விளிம்பு, பிளேடின் கூர், கீழே இருக்கும் பாதுகாப்புக் கம்பி. சில ரேசரில் கம்பிக்குப் பதில் சீப்புப் பல் இருக்கும், கணக்கு ஒன்றுதான். மூடியின் விளிம்பையும் கம்பியையும் தொட்டு ஒரு நேர்கோடு போட்டால், ஷேவ் செய்யும்போது தோல் ஏறக்குறைய அந்தக் கோட்டில் கிடக்கும். கூர் அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே நிற்கிறதோ அது எக்ஸ்போஷர். கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டால் மைனஸ் எக்ஸ்போஷர். கூருக்கும் கம்பிக்கும் இடையில் உள்ள தூரம் கேப். பிளேடு அந்தக் கோட்டோடு செய்யும் சாய்வுதான் கோணம், பொதுவாக 30 டிகிரியை ஒட்டி வைப்பார்கள். ரேசர் மென்மையா கடுமையா என்பது இந்த மூன்றும் சேர்ந்து தருவது. கடையில் விற்பவர்களும் வாங்குபவர்களும் கேப்பை மட்டுமே பேசுவார்கள். குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கூரைப் பூஜ்யப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். மூடி விளிம்பு அதற்கு 0.7 மி.மீ. மேலே, 0.9 மி.மீ. உள்ளே (தலையின் நடுவை நோக்கி). கம்பி 0.6 மி.மீ. கீழே, 0.5 மி.மீ. வெளியே. இது நான் உதாரணத்துக்கு எடுத்த அளவு, எந்தக் கம்பெனியின் டிராயிங்கும் கிடையாது. இந்த அளவுக்குக் கேப் 0.78 மி.மீ., எக்ஸ்போஷர் 0.10 மி.மீ. வருகிறது. இப்போது வளையத்தைத் திருப்பிக் கம்பியை 0.4 மி.மீ. நேராகக் கீழே இறக்குகிறோம். கேப் 1.12 ஆகிறது. எக்ஸ்போஷர் 0.25 ஆகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். கோணமும் ஏறக்குறைய ஏழரை டிகிரி கூடுகிறது. பிளேடு இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தோல் கிடக்கும் கோடு சாய்ந்துவிட்டது, அதனால் தோலுக்கும் பிளேடுக்கும் உள்ள கோணம் மாறிவிட்டது. ஆக, கோணம் மாறுகிறதா என்ற கேள்விக்குப் பதில்: மாறுகிறது, கூடவே மற்ற இரண்டும் மாறுகின்றன, மூன்றையும் ஒரே வளையம் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு போகிறது. எண்ணைக் கூட்டினால் எரிவதும் இதனால்தான். இடைவெளி பெரிதாகும்போது தோல் அதற்குள் பிதுங்குகிறது, கூரும் வெளியே நீண்டு நிற்கிறது, சாய்வு கூடுவதால் வெட்டுவதோடு கொஞ்சம் சுரண்டவும் செய்கிறது.

இன்னொரு அளவையும் போட்டுப் பாருங்கள், இது வடிவமைப்பவருக்கு ரொம்ப முக்கியம். முதல் நிலையிலேயே கம்பியைக் கீழே இறக்காமல், 0.2 மி.மீ. உள்பக்கம் மட்டும் நகர்த்துங்கள், அதாவது 0.5 வெளியே இருந்ததை 0.3 ஆக்குங்கள். கேப் 0.78இலிருந்து 0.67 ஆகக் குறைகிறது. ஆனால் எக்ஸ்போஷர் 0.10இலிருந்து 0.19க்கு ஏறுகிறது. கேப் குறைந்தும் ரேசர் கடுமையாகிவிட்டது. ஒரு கம்பெனியின் 0.7 மி.மீ. கேப் ரேசர் பூப்போல இருக்கிறது, இன்னொரு கம்பெனியின் அதே கேப் ரேசர் கழுத்தை ரணமாக்குகிறது என்று பலர் எழுதுவார்கள். அவர்கள் சொல்வது இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இதே காரணத்தால் ஒரு ரேசரின் 5ஆம் எண்ணையும் வேறொரு ரேசரின் 5ஆம் எண்ணையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. எண்ணுக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது, அவரவர் ரேசருக்குள் மட்டும் செல்லும் அளவு அது.

கணக்கு இதோடு நிற்கிறது. தோல் எவ்வளவு பிதுங்கும் என்பது கை அழுத்தத்தையும் தோலின் இளக்கத்தையும் பொறுத்தது, அதை எந்த வரைபடத்திலும் கொண்டு வர முடியாது. கோணத்தையும் கடைசியில் கைதான் தீர்மானிக்கிறது, ஏனென்றால் மூடியையும் கம்பியையும் ஒரே நேரத்தில் தோலில் படுத்தித்தான் எல்லோரும் இழுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. நம் சலூனில் பாதி பிளேடை மாட்டிய கத்தியில் கம்பியும் இல்லை, மூடியும் இல்லை, மொத்தக் கோணமும் சலூன்காரரின் மணிக்கட்டில் இருக்கிறது, அவர் கன்னத்துக்கு ஒரு சாய்வும் தாடைக்கு ஒரு சாய்வும் தானாகப் பிடித்துக்கொள்கிறார். சேஃப்டி ரேசர் அந்தத் திறமையில் ஒரு பகுதியை உலோகத்துக்குள் கொண்டு வந்திருக்கிறது. எண் வளையம் அதில் இன்னும் கொஞ்சத்தைக் கொண்டு வரப் பார்க்கிறது.

இந்த எண்ணம் புதிதும் இல்லை. அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1901இல் விண்ணப்பித்து 1904 நவம்பரில் பேட்டன்ட் வாங்கிய முதல் வடிவத்திலேயே பிளேடு வளைந்துதான் உட்கார்ந்தது. கைப்பிடியை இறுக்கினால் பிளேடு மூடியோடு நன்றாக வளையும், கொஞ்சம் தளர்த்தினால் நிமிர்ந்து கூர் வெளியே வரும், அப்படித் தளர்த்தி நெருக்கமாக ஷேவ் செய்துகொள்ளலாம் என்பதே அந்தக் காலத்து வழிமுறை. அதில் ஒரு குறை. தளர்த்திய பிளேடுக்குப் பிடிப்பு போய்விடும். 1958இல் அவர் தொடங்கிய ஜில்லெட் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்த, இன்று எல்லோரும் ஃபேட்பாய் என்று கூப்பிடும் ரேசர் அந்தக் குறையைத் தீர்த்தது. மேலே கதவு போல இரண்டாகத் திறக்கும் மூடி, பிளேடு அந்தக் கதவுகளுக்கும் உள்ளே இருக்கும் தாங்கிக்கும் நடுவில் எப்போதும் இறுகப் பிடிபட்டிருக்கும், பாதுகாப்புக் கம்பி உள்ள தட்டு மட்டும் தனியாக ஏறி இறங்கும். இறுக்குவது ஒரு வேலை, அளவை மாற்றுவது வேறு வேலை என்று பிரித்ததுதான் அந்த வடிவத்தின் பெரிய அறிவு. நிக்கல் பூசிய பித்தளையில் செய்தார்கள், நன்றாக வைத்திருந்தவர்களிடம் இன்றும் வேலை செய்கிறது. 1960களில் வந்த ஸ்லிம் என்ற மாடலும் அதே வழி, உடம்பு மட்டும் மெலிந்தது.

ஜெர்மனியில் சோலிங்கன் ஊரின் மெர்கூர் வேறு வழியில் போனது. அவர்களுடைய புரோக்ரஸில் கைப்பிடியின் அடிக்குமிழைத் திருப்பினால் மேல்மூடி ஏறி இறங்கும், 1 முதல் 5 வரை குறி. ஃப்யூச்சர் என்ற கனமான மாடலில் 1 முதல் 6. கம்பி நிற்க, மூடியும் பிளேடும் நகர்வதும், பிளேடும் மூடியும் நிற்கக் கம்பி நகர்வதும் வடிவக் கணக்கில் ஒன்றுதான். ஆனால் மூடி மேலே போகும்போது பிளேடைக் கீழிருந்து ஏதாவது ஒன்று அதோடு ஒட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு நடுவில் தொங்கும். மூன்றாவது வழி கனடாவின் ராக்வெல் எடுத்தது. வளையமே வேண்டாம், தட்டை மாற்றிக்கொள் என்றார்கள். மூன்று தட்டு, ஒவ்வொன்றின் இரண்டு முகத்திலும் வேறு வேறு அளவு, மொத்தம் ஆறு. இந்த மூன்றாவது வழியைப் பற்றிக் கீழே திரும்பவும் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். இரட்டை முனை பிளேடின் கனம் வெறும் 0.1 மி.மீ. அகலம் ஏறக்குறைய 22 மி.மீ. இவ்வளவு மெல்லிய தகடு முடியை வெட்டும்போது அதிராமல் இருக்க வேண்டுமானால், கூருக்கு எவ்வளவு பக்கத்தில் அதைப் பிடித்திருக்கிறோம் என்பதுதான் எல்லாமே. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நீட்டிய பட்டை எவ்வளவு வளையும் என்பது நீட்டிய நீளத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது, இது டிப்ளமோவில் படித்ததுதான். பிடித்த இடத்திலிருந்து கூர் வரை 1 மி.மீ. இருப்பதை 1.5 ஆக்கினால் அதே விசைக்கு வளைவு 3.4 மடங்கு. 2 மி.மீ. ஆக்கினால் எட்டு மடங்கு. சாதாரண மூன்று துண்டு ரேசரில் (மூடி, கம்பி உள்ள கீழ்த்தட்டு, கைப்பிடி) கீழ்த்தட்டே பிளேடை மேல்மூடியோடு நசுக்கி, கூருக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அட்ஜஸ்டபிளில் கீழ்த்தட்டு நகர வேண்டும், அதனால் அது பிளேடைத் தொடக்கூடாது. பிடிக்கும் வேலையை உள்ளே இருக்கும் வேறொரு சின்னத் துண்டு செய்ய வேண்டும், அதற்கு இடம் கம்மி, அதனால் பிடிப்பு உள்ளே தள்ளிப் போகிறது. அட்ஜஸ்டபிள் ரேசரில் உயர்ந்த எண்ணில் பிளேடு படபடக்கிறது, முடியைப் பிடித்து இழுக்கிறது என்று சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான், எண்ணின் மேல் பழி போட்டுப் பிரயோஜனமில்லை. நீங்கள் வரைபடத்தைத் தொடங்கும்போது வளையத்தையும் எண்ணையும் மறந்துவிட்டு, உள்தாங்கியின் விளிம்பைக் கூருக்கு எவ்வளவு அருகில் கொண்டு போக முடியும், மூடியின் விளிம்பு அதற்கு நேர் மேலே வருகிறதா என்று இந்த இரண்டைத் தீர்மானித்துவிட்டு மற்றதைப் போடுங்கள். மூடியின் உள்வளைவில் பிளேடு வளைந்து உட்கார்ந்தால் அதன் சொந்த ஸ்பிரிங் விசையே அதை மூடி விளிம்போடு அழுத்தி வைக்கும், அந்த வளைவை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது. 9 எண் வைப்பதற்கு ஒரு திரெட் போதும். ஆனால் ஒரு பக்கம் 0.78, மறுபக்கம் 0.70 என்று வந்தால், முகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு ரேசரும் மறுபக்கத்துக்கு இன்னொரு ரேசரும் கொடுத்த கணக்கு. தட்டு ஏறி இறங்கும்போது சாயாமல் இருக்க வழிகாட்டும் நீளம் வேண்டும், அதுதான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி. என் கணிப்பில் இரு பக்கக் கேப்புக்கும் உள்ள வித்தியாசம் 0.03 மி.மீ.க்குள் நின்றால் கைக்குத் தெரியாது. இது ரேசர்களை அளந்தும் உபயோகித்தும் எனக்கு வந்த எண்ணம், புத்தகத்தில் உள்ள தரம் கிடையாது. பிளேடே கோணலாக உட்கார்வதும் இதே வரிசையில் வரும் தொந்தரவு. பிளேடு கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டையின் அளவு கொஞ்சம் மாறும் என்பதால் நடுவிலுள்ள ஊன்றுகளை லூசாக விட்டாக வேண்டும், லூசாக விட்டால் பிளேடு திரும்பும். இதற்கு ஒரு நல்ல வழி, பிளேடை நடு ஓட்டையில் நிலைநிறுத்தாமல் நான்கு மூலைகளில் சின்னக் காது வைத்து வெளிப்பக்கமாக நிலைநிறுத்துவது. கடையில் கிடைக்கும் பலவகை பிளேடுகளை, டோபாஸ், 7 ஓ கிளாக், சூப்பர் மேக்ஸ் என்று வாங்கி வைத்து, ஒவ்வொன்றின் அகலத்தையும் நீளத்தையும் மைக்ரோமீட்டரில் எழுதிக்கொண்டு, அதில் பெரியதற்கு இடம் விட்டு வரையுங்கள். கை ஜாக்கிரதை, அளக்கும்போதுதான் அதிகம் வெட்டிக்கொள்வோம்.

கேப்பை ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடு) விட்டு அளக்காதீர்கள். அது பிளேடைத் தள்ளிவிட்டுக் கூடுதலாகக் காட்டும், கூரும் போய்விடும். ஓசூரில் புரொஃபைல் புரொஜெக்டர் (ஜாப்பின் நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) இல்லாத டூல் ரூம் அபூர்வம், அங்கே கொண்டு போய்ப் பக்கவாட்டில் வைத்து நிழலில் அளக்கலாம். மூடியின் ஓரக் காதுகள் மறைத்தால், ஒரு சாம்பிள் தலையைப் பிளேடோடு சேர்த்து இறுக்கி வயர் கட்டில் (மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு வெட்டும் மெஷின்) குறுக்கே வெட்டிவிடுங்கள். ஒரு ஜாப் வீணாகும், ஆனால் மூன்று புள்ளியும் கண்ணுக்கு நேராகத் தெரியும், பிளேடு எங்கே பிடிபட்டிருக்கிறது என்பதும் தெரியும். போட்டிக் கம்பெனி ரேசரைப் புரிந்துகொள்ளவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

திரெட் விஷயம் சுலபம், அதனால் சுருக்கமாக. 1 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) போட்டு, வளையம் முக்கால் சுற்று திரும்பினால் 0.75 மி.மீ. நகர்வு. அதை எட்டு படியாகப் பிரித்தால் படிக்கு 0.094 மி.மீ., ஏறக்குறைய ஒரு பிளேடு கனம். 1 முதல் 9க்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஒரு எண்ணுக்கு இதைவிடக் குறைந்த நகர்வு வைத்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. திரெட்டில் இருக்கும் பிளே (லூசு) ஒரு படியில் பாதியைத் தின்றுவிடும் என்பதால், தட்டை எப்போதும் ஒரே திசையில் தள்ளும் ஸ்பிரிங் கட்டாயம். குண்டும் ஸ்பிரிங்கும் வைத்து எண்ணுக்கு எண் கிளிக் கொடுத்தால் கை வழுக்கி மாறாது. பழைய ஜில்லெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எண்ணை மாற்றும் முன் அடிக்குமிழைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மாற்றுங்கள், இறுக்கத்தில் திருப்பினால் உள்ளே தேய்மானம்.

நம் மாவட்டங்களுக்கு மட்டும் ஒரு விசேஷக் கவலை இருக்கிறது, தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் போர் தண்ணீரின் உப்பும் ஃபுளோரைடும் எல்லோருக்கும் தெரிந்ததே, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஃபுளோரைடுக்கும் ஷேவிங்குக்கும் சம்பந்தமில்லை. கால்சியம், மக்னீசியம் உப்புக்குச் சம்பந்தம் இருக்கிறது. அது சோப்போடு சேர்ந்து நுரையாகாமல் திரிந்து பிசுக்காக நிற்கும். அந்தத் தண்ணீரில் நுரை நிற்காது, முடி நனையாது, பிளேடு இழுக்கும், ஆள் ரேசரைத் திட்டி எண்ணைக் கூட்டுவார், அப்புறம் முகம் எரியும். எண்ணைத் தொடும் முன் ஒரு வாரம் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ ஒரு சின்னக் கிண்ணம் எடுத்து, வெதுவெதுப்பாக்கி, அதில் பிரஷ் நனைத்து நுரை அடித்துப் பாருங்கள். முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஊறவைத்தபின் 3ஆம் எண்ணே போதும் என்று சொல்பவர்கள் அதிகம். ஷேவ் செய்த இடத்தில் முடி உள்ளே சுருண்டு வளர்ந்து சிவந்து கொப்புளம் வருகிறவர்கள் ரேசரை மாற்றிக்கொண்டே இராமல் தோல் டாக்டரைப் பாருங்கள், அது என் துறை கிடையாது.

அதே உப்பு ரேசருக்குள்ளும் வேலை செய்யும். திரெட்டிலும் கிளிக் குண்டிலும் வெள்ளையாகப் படிந்து வளையத்தை இறுக்கிவிடும். தண்ணீர் வெளியே ஓட வழி இல்லாத மெக்கானிசம் ஓசூர் தாண்டி இந்தப் பக்கம் ஒரு வருடம் தாங்காது என்பது என் எண்ணம். கழற்றிக் கழுவ முடிகிற மாதிரி வரையுங்கள், தட்டின் அடியில் வடிகால் ஓட்டை விடுங்கள். படிந்ததை எடுக்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குச் சரி. குரோம் பூசிய துத்தநாக வார்ப்பில் செய்த ரேசரை அதில் ஊறப் போடாதீர்கள், பூச்சில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் அமிலம் உள்ளே போய் அடியிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். உலகில் விற்கும் விலை குறைந்த ரேசர்களில் பெரும்பாலானவை அந்த வார்ப்புதான். டை காஸ்டிங்குக்கு டை செலவு பெரிது, ஆயிரக்கணக்கில் ஓட்டினால்தான் கட்டும். நீங்கள் செய்யப்போகும் நூறு, இருநூறுக்குப் பித்தளையும் ஸ்டெயின்லெஸும்தான் வழி. பித்தளை டூலுக்குச் சுகம், பிளேட்டிங் (நிக்கல் போன்ற உலோகப் பூச்சு) வேண்டும். 316 ஸ்டெயின்லெஸ் பிளேட்டிங் இல்லாமல் காலம் முழுக்க இருக்கும், ஆனால் வெட்ட நேரமாகும், பாலிஷிங்குக்கு ஆள் கூலி ஏறும். ஸ்டெயின்லெஸ் திரெட்டை ஸ்டெயின்லெஸ் நட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள், ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் பித்தளை புஷ் (உள்ளே பொருத்தும் குழல்) வையுங்கள்.

சரி, ஓசூரில் செய்ய முடியுமா? முடியும். வாட்சும் வண்டியும் செய்யும் ஊர், 0.02 மி.மீ.யில் நிறுத்தும் கைகளும் மெஷின்களும் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நம் நாட்டிலேயே செய்யப்படும் பார்க்கர் வேரியன்ட் அட்ஜஸ்டபிள் ஏற்கெனவே வெளிநாடு வரை போகிறது, ஆக இந்தியாவில் ஆகாத வேலை கிடையாது. 1950, 60களின் ஜில்லெட் பேட்டன்ட்கள் என்றோ காலாவதி ஆகிவிட்டன, அந்த மெக்கானிசத்தைப் படித்து உங்கள் வழியில் செய்வதில் தடையில்லை. புதிதாக வந்த வடிவங்களைத் தொடும் முன் மட்டும் பேட்டன்ட் தேடிப் பாருங்கள், சென்னை கிண்டியிலேயே அலுவலகம் இருக்கிறது. மற்றவர்களின் மாடல் பெயரைப் பெட்டியில் போடாதீர்கள்.

ஆனால் முதல் ஜாபாக வளையம் வைத்த ரேசரைச் செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். மேலே பார்த்த கணக்கில் வளையம் கேப், எக்ஸ்போஷர், கோணம் மூன்றையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கும். நேராக இறங்கும் தட்டில் அதைத் தவிர்க்கவே முடியாது. 2ஆம் எண்ணில் பொருத்தமான கோணம் 8ஆம் எண்ணில் இருக்காது. மாற்றும் தட்டு வழியில் ஒவ்வொரு தட்டையும் தனியாக மில்லிங் செய்கிறீர்கள், அதனால் கேப்பைக் கூட்டும்போதே கம்பியைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கோணத்தையும் எக்ஸ்போஷரையும் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். தட்டே பிளேடைப் பிடிப்பதால் கூருக்குப் பக்கத்தில் பிடிப்பும் கிடைக்கிறது. நகரும் பாகம் இல்லை, உப்பு படிய இடமில்லை. உபயோகிப்பவர் நடு ஷேவில் எண்ணை மாற்ற முடியாது, அது ஒரு குறைதான், கன்னத்துக்கு ஒன்று தாடைக்கு ஒன்று என்று மாற்றுகிறவர்களுக்கு வளையம் வேண்டும். மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த எண் தெரிந்தபின் அதைத் தொடுவதே இல்லை. ஒரே மூடி, ஒரே கைப்பிடி, மூன்று தட்டு என்று தொடங்குங்கள். அந்த மூன்றை உங்கள் கடை ஆட்கள் பத்துப் பேர் முகத்தில் ஓட்டி, எந்த அளவு யாருக்கு ஒத்துவருகிறது என்று எழுதி வையுங்கள். வளையம் வைத்த ரேசருக்கு 1 எங்கே தொடங்க வேண்டும், 9 எங்கே முடிய வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும், வேறு எந்த ரேசரைப் பார்த்தும் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

பித்தளையில் போகிறீர்கள் என்றால் பிளேட்டிங்குக்கு அனுப்பும் முன் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள், நிறைய பேர் விடும் இடம் இது. 60 டிகிரி திரெட்டில் பூச்சின் கனம் பிட்ச் விட்டத்தில் (திரெட்டின் மேடும் பள்ளமும் சமமாக வரும் இடத்து விட்டம்) நான்கு மடங்காகத் தெரியும். 0.01 மி.மீ. நிக்கல் ஏறினால் வெளித் திரெட் 0.04 பெருக்கும், உள் திரெட்டுக்கும் பூசினால் அது 0.04 சிறுக்கும், இரண்டும் சேர்ந்து 0.08. மெஷினில் சுகமாக ஓடிய கைப்பிடி பிளேட்டிங் முடிந்து வந்தபின் ஏறாது. அந்த 0.08ஐ வரைபடத்திலேயே கழித்துவிடுங்கள், அல்லது உள் திரெட்டை அடைத்து மூடிப் பிளேட்டிங் போடச் சொல்லுங்கள், அப்போது வெளித் திரெட்டின் 0.04ஐ மட்டும் கழித்தால் போதும்.